அழைப்புக்குறி வாங்கலாம், வாங்க!

மோட்டார் காயில் கட்டத் தெரிந்த கொங்கு நாட்டுக்கு ஹாம் ரேடியோ தேர்வு எட்டாத உயரம் அல்ல. எப்படிப் படிப்பது, எங்கே தடுமாறுவார்கள், ஏன் எழுத வேண்டும்?

கோவையில் கணபதியிலோ பீளமேட்டிலோ மோட்டார் காயில் கட்டும் பட்டறை ஒன்றில் அரை மணி நேரம் நின்றால் போதும். எரிந்துபோன பம்ப்செட் மோட்டார் வருகிறது. பழைய கம்பியை உருவி, சுற்றை எண்ணி, கேஜ் பார்த்துப் புதுக் கம்பி எடுத்து, காயில் கட்டி, வார்னிஷ் ஊற்றி, மெக்கர் வைத்துப் பார்த்த பிறகே மோட்டார் வெளியே போகிறது. சுற்று குறைந்தால் கரன்ட் கூடும், கண்டென்சர் கெட்டால் மோட்டார் கிளம்பாது என்பதெல்லாம் அங்கே வேலை பழகும் பையனுக்கும் தெரியும். அந்தப் பையன் எழுத வேண்டிய தேர்வு ஒன்று இருக்கிறது. அதில் தேறினால் மத்திய அரசு அவனுக்குச் சான்றிதழ் கொடுக்கும். பிறகு உரிமமும், உலகத்தில் வேறு எவருக்கும் இல்லாத ஓர் அழைப்புக்குறியும் வரும். அதை வைத்துக்கொண்டு கிணத்துக்கடவு வீட்டு மாடியிலிருந்து ஜப்பானோடும் பிரேசிலோடும் பேசலாம். நடுவில் செல்போன் கோபுரமும் இணையமும் தேவையில்லை.

இதன் பெயர் அமெச்சூர் ரேடியோ. பேச்சு வழக்கில் ஹாம் ரேடியோ. சம்பளத்துக்காகவோ வியாபாரத்துக்காகவோ இல்லாமல், கற்றுக்கொள்வதற்காகவும் உதவுவதற்காகவும் இயக்கும் வானொலி நிலையம். இதற்கென்றே உலக நாடுகள் கூடிச் சில அலைவரிசைகளை ஒதுக்கிவைத்திருக்கின்றன. அவற்றில் பேசும் ஒவ்வொருவரும் தேர்வு எழுதி உள்ளே வந்தவர். இவர்களுக்கும் ஹாம்கள் என்றுதான் பெயர்.

தமிழ்நாட்டுக்கு இதில் நூறாண்டு வரலாறு உண்டு. 1924-இல் சி.வி.கிருஷ்ணசாமி செட்டியும் நண்பர்களும் தொடங்கிய சென்னை மாகாண ரேடியோ கழகம், அரசு வானொலி என்று ஒன்று வருவதற்கு முன்பே ஒலிபரப்பு நடத்தியது. பணமில்லாமல் 1927-இல் கழகம் நின்றபோது, அதன் கருவியைச் சென்னை மாநகராட்சி பெற்று 1930-இல் ஒலிபரப்பைத் தொடர்ந்தது. கோவைக்கும் தன் பங்கு உண்டு. ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குத் தயாரித்துக் காட்டுகிறேன் என்று 1941-இல் அறிவித்தவர் ஜி.டி.நாயுடு. 2021 பிப்ரவரி 28 அன்று பி.எஸ்.எல்.வி. சி-51 ராக்கெட்டில் போன யூனிட்டிசாட் என்ற மூன்று செயற்கைக்கோள் தொகுப்பில் ஒன்று கோவை ஸ்ரீ சக்தி பொறியியல் கல்லூரி மாணவர்கள் உருவாக்கியது. வானொலியும் கைவேலையும் இந்த ஊருக்குப் புதிதல்ல. தேர்வு எழுத உட்காரும் ஆட்கள்தான் இன்னும் பெருக வேண்டும்.

கோபுரம் நின்றுபோகும் நாளில்

ஏன் எழுத வேண்டும் என்ற கேள்விக்கு மலைகள்தான் முதல் பதில்.

2024 ஜூலை 30 அதிகாலை வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலைப் பகுதிகள் நிலச்சரிவில் புதைந்தன. கூடலூர், பந்தலூரிலிருந்து அது ஒன்றும் தூர தேசம் அல்ல. மீட்பு நாட்களில் ஹாம்கள் கல்பற்றா ஆட்சியர் அலுவலகத்தில் நிலையம் அமைத்து, சரிவு நடந்த இடங்களுக்கும் நிர்வாகத்துக்கும் இடையே செய்தி கடத்தினார்கள். நம் பக்கத்திலும் இப்படிப்பட்ட நிலச்சரிவு நடந்திருக்கிறது. 2009 நவம்பரில் நீலகிரி மாவட்டம் கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை கொட்டியது. அந்த மழையின் நிலச்சரிவுகளில் 40-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள்.

2004 டிசம்பர் 26-ஐ எடுத்துக்கொள்வோம். ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனத்தின் பாரதி பிரசாத் தலைமையில் ஒரு ஹாம் குழு அந்த மாதத் தொடக்கத்திலிருந்து போர்ட் பிளேரில் இருந்தது. அந்தமானிலிருந்து ஹாம் ஒலி கேட்பது அரிது என்பதால் உலகெங்கும் உள்ள ஹாம்களோடு பேசுவதற்காகப் போன பொழுதுபோக்குப் பயணம் அது. சுனாமி வந்த காலையில் தீவுகளின் தொலைபேசிகள் அடங்கின. பொழுதுபோக்கு நிலையம் அந்த நிமிடமே அவசர நிலையமாக மாறியது. உயிரோடு இருக்கிறார்களா என்று தெரியாமல் தவித்த குடும்பங்களுக்குச் செய்தி அதன் வழியாகத்தான் போயிற்று. இலங்கையில் விக்டர் குணதிலக முதலான ஹாம்கள் அம்பாந்தோட்டைக்கும் கொழும்புக்கும் இடையே சிற்றலைத் தொடர்பு கொடுத்தார்கள்.

ஹாம்களால் மட்டும் இது எப்படி முடிகிறது? செல்போன் கோபுரத்துக்கு மின்சாரம் வேண்டும். அது போனால் பேட்டரி, பிறகு டீசல். இவ்வளவும் இருந்தாலும் கோபுரத்தை வெளியுலகோடு இணைக்கும் கண்ணாடி இழைக் கேபிள் மண்சரிவில் அறுந்தால் கோபுரம் ஊமைதான். ஹாம் நிலையத்துக்கு வேண்டியவை ஒரு கருவி, ஒரு 12 வோல்ட் கார் பேட்டரி, மரத்தில் இழுத்துக் கட்டிய செம்புக் கம்பி. அதோடு, பழகிய ஒரு மனிதர். பேட்டரியும் கம்பியும் அன்றைக்கே கிடைத்துவிடும். பழகிய மனிதரை அன்றைக்கு உருவாக்க முடியாது. தேர்வு அதற்குத்தான்.

இரண்டு தரம், இரண்டு பகுதி

தேர்வை நடத்துவது மத்திய தொலைத்தொடர்புத் துறையின் கீழ் இயங்கும் வயர்லெஸ் திட்டமிடல், ஒருங்கிணைப்புப் பிரிவு. டபிள்யூ.பி.சி. என்றால் எல்லா ஹாமுக்கும் தெரியும். அமெச்சூர் சேவைக்கான 1978-ஆம் ஆண்டு விதிகளும் அவற்றின் திருத்தங்களும்தான் அடிப்படை. 12 வயது நிறைந்த எவரும் எழுதலாம். பட்டப்படிப்பு எதுவும் தேவையில்லை.

தரம் இரண்டு. முதலாவது ரெஸ்ட்ரிக்டட் கிரேடு. இதில் தேறியவர்களின் அழைப்புக்குறி வி.யு.3 என்று தொடங்கும். அடுத்தது ஜெனரல் கிரேடு, வி.யு.2. ராஜீவ் காந்தியின் குறி வி.யு.2 ஆர்.ஜி. எந்தெந்த அலைவரிசை, எவ்வளவு திறன் என்பது தரத்துக்குத் தரம் மாறும்.

எழுத்துத் தேர்வு இரண்டு தரத்துக்குமே இரண்டு பகுதிகள் கொண்டது. ஒன்று வானொலிக் கோட்பாடும் நடைமுறையும். மற்றொன்று விதிமுறைகள். ரெஸ்ட்ரிக்டட் தேர்வு ஒரு மணி நேரம், 100 மதிப்பெண். ஒவ்வொரு பகுதியிலும் 40 விழுக்காடு, மொத்தத்தில் 50 விழுக்காடு எடுக்க வேண்டும். ஜெனரல் தேர்வு இரண்டு மணி நேரம். பகுதிக்கு 50, மொத்தம் 55 விழுக்காடு. கூடவே மோர்ஸ் தேர்வு.

இந்தக் கணக்கில் ஒரு செய்தி பொதிந்திருக்கிறது. கோட்பாட்டில் எவ்வளவு அள்ளினாலும் விதிகளில் தவறினால் தேர்ச்சி இல்லை. மின்னணுவியல் படித்த மாணவர் ‘விதியெல்லாம் கடைசி நாள் பார்த்துக்கலாம்’ என்று விட்டால் ஆபத்து அங்கேதான். பட்டறைக்காரருக்கும் அதே ஆபத்து. கொங்கு நாட்டுக்காரர்கள் முதல் பகுதிக்குப் பயப்படத் தேவையில்லை, இரண்டாம் பகுதிக்கு மரியாதை கொடுக்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரை சொல்ல வருவது.

கோட்பாடு: கையால் படியுங்கள்

பாடத்திட்டம் மின்சாரம், காந்தவியல், மாறுமின்னோட்டம், குறைகடத்திகள், ரிசீவர், டிரான்ஸ்மிட்டர், ஆன்டெனா, அலை பரவும் விதம் என்று விரிகிறது. பட்டியலைப் பார்த்தால் மலைப்பு வரும். பிளஸ் டூ இயற்பியல் புத்தகத்தை எடுத்துக்கொண்டால் இதில் பெரும்பகுதி அங்கேயே இருக்கிறது. மனப்பாடம் செய்யாமல், ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு பொருளைக் கையில் எடுக்க வேண்டும்.

ஓம் விதிக்கும் திறன் கணக்குக்கும் ஒரு மல்டிமீட்டரும் நான்கு ரெசிஸ்டரும் போதும். 12 வோல்ட் பேட்டரியில் 2 ஆம்பியர் ஓடினால் 24 வாட். இப்படி அளந்து பார்த்த கணக்கு தேர்வறையில் மறக்காது. காயிலும் கண்டென்சரும் சேர்ந்தால் ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணுக்கு மட்டும் இசைந்து கொடுக்கும். அதுதான் ஒத்ததிர்வு. பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவின் பின்மூடியைக் கழற்றி, ட்யூனிங் திருகும்போது கேங் கண்டென்சர் எப்படித் திரும்புகிறது என்று பார்த்தவருக்கு அந்தப் பாடம் அங்கேயே முடிந்தது. சூப்பர்ஹெட்டரோடைன் ரிசீவரின் கட்டப்படம் கேள்வித்தாளுக்குப் பழக்கமான விருந்தாளி. அந்த ரேடியோவிலேயே ஆசிலேட்டர், மிக்சர், ஐ.எஃப். பகுதிகளை விரல் வைத்துக் காட்டப் பழகுங்கள்.

ஆன்டெனாக் கணக்கு இன்னும் எளிது. 300-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் அலைநீளம் மீட்டரில் வரும். 145 மெகாஹெர்ட்ஸுக்கு ஏறத்தாழ 2 மீட்டர். அதில் கால் பங்கு ஏறத்தாழ அரை மீட்டர். கையடக்கக் கருவியின் சின்ன ஆன்டெனாவைவிட, ஒழுங்காக நிறுத்திய அரை மீட்டர் கம்பி ஏன் நன்றாக வேலை செய்கிறது என்பது இதில் விளங்கும். அரை அலை டைபோல் செய்ய 143-ஐ அதிர்வெண்ணால் வகுக்க வேண்டும். 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு 20 மீட்டர் சொச்சம். பக்கத்துக்குப் பத்து மீட்டர் கம்பி. இரண்டு தென்னை மரம் இருக்கும் எந்தத் தோட்டத்திலும் கட்டலாம்.

அலை பரவும் பாடத்துக்கு நம் நிலப்பரப்பே ஆய்வுக்கூடம். 145 மெகாஹெர்ட்ஸ் போன்ற வி.ஹெச்.எஃப். அலை பெரும்பாலும் நேர்கோட்டில் போகும். நடுவில் மலை வந்தால் நின்றுவிடும். கோவையிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியே மேற்கே போவது எளிது. அதே அலை ஆனைமலையைத் தாண்டி வால்பாறைக்குள் இறங்குவது கடினம். அதற்கு உயரமான இடத்தில், அலையை வாங்கித் திரும்ப அனுப்பும் ரிப்பீட்டர் வேண்டும். அல்லது வேறு வழி உண்டு. 7 மெகாஹெர்ட்ஸ் டைபோலைத் தாழ்வாகக் கட்டினால் அலை ஏறக்குறைய நேர் மேலே போகும். அயனமண்டலத்தின் எஃப் அடுக்கு அதைத் திருப்பி அனுப்பும். மழைபோல மேலிருந்து இறங்கும் அலையை எந்த மலையும் மறைப்பதில்லை. சில நூறு கிலோமீட்டர் சுற்றளவில் இருக்கும் எல்லாப் பள்ளத்தாக்கும் அதைக் கேட்கும். வால்பாறை, கோத்தகிரி, தாளவாடி, கொல்லிமலை என்று பிரிந்து கிடக்கும் நம் மலையூர்களுக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் கிடையாது.

சூரியனும் இந்தப் பாடத்துக்குள் வருகிறது. பகலில் அயனமண்டலத்தின் டி அடுக்கு தாழ்ந்த அதிர்வெண்களை விழுங்கும், இரவில் அது மறையும். ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரையில் 530 மீட்டர் நீளத்துக்குச் சரிவில் கிடக்கும் வானொலித் தொலைநோக்கி, 1970-லிருந்து 326.5 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில் விண்ணைக் கேட்கிறது. சூரியக் காற்றை ஆராய்வதும் அதன் வேலைகளில் ஒன்று. வாய்ப்பு இருக்கும் ஆசிரியர்கள் மாணவர்களை அங்கே அழைத்துப் போனால் புத்தகத்தின் ஒரு முழு அத்தியாயம் கண்ணுக்கு முன்னால் நிற்கும்.

விதிகள்: பொதுச் சொத்தில் நடக்கும் முறை

வானலை யாருக்கும் தனிச் சொத்து இல்லை. ஒருவர் தவறான இடத்தில் பேசினால் விமானமோ காவல்துறையோ ஆம்புலன்ஸோ கேட்க வேண்டிய குரல் மறையும். விதிமுறைப் பகுதிக்கு ஏன் தனித் தேர்ச்சி மதிப்பெண் என்பதற்கு இதுவே விளக்கம்.

படிக்க வேண்டியவை என்ன? இந்தியாவில் ஹாம்களுக்கு ஒதுக்கிய அலைவரிசைகள். உதாரணமாக 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ், 434 முதல் 438 மெகாஹெர்ட்ஸ். அலை பரப்பும் முறைகளைக் குறிக்கும் குறியீடுகள். ஆல்ஃபா, பிராவோ, சார்லி என்று எழுத்துகளைச் சொல்லும் முறை. கியூ குறியீடுகள்: இருப்பிடம் கியூ.டி.ஹெச்., பிற நிலையங்களின் இடையூறு கியூ.ஆர்.எம்., இயற்கை இரைச்சல் கியூ.ஆர்.என்., கிடைத்தது என்பதற்கு கியூ.எஸ்.எல். ஆபத்துக் குரல் வந்தால் என்ன செய்ய வேண்டும், பதிவேட்டில் என்னென்ன எழுத வேண்டும், நேரத்தை எந்தக் கடிகாரத்தில் குறிக்க வேண்டும் என்பதும் சேரும். உலகின் நேர சமிக்ஞை நிலையங்கள்கூடப் பாடத்தில் உண்டு.

செய்யக் கூடாதவை பட்டியல் இன்னும் முக்கியம். வியாபாரம் பேசக் கூடாது. சரக்கு லாரி பெருந்துறை தாண்டிவிட்டதா என்று திருப்பூர் ஏற்றுமதியாளர் இதில் விசாரிக்க முடியாது. பாட்டு போடக் கூடாது. ரகசியக் குறியில் பேசக் கூடாது. பொய்யான ஆபத்துச் செய்தி பெருங்குற்றம். அழைப்புக்குறி சொல்லாமல் பேசக் கூடாது. பேசுவதற்கு முன் அந்த அலைவரிசை காலியா என்று காது கொடுத்துக் கேட்க வேண்டும். ‘இந்த இடம் காலியாங்களா?’ என்று கேட்டுவிட்டுப் பஸ் சீட்டில் உட்காரும் ஊருக்கு இது புதுப் பழக்கம் ஒன்றும் அல்ல.

இங்கே இளைஞர்களுக்கு ஓர் எச்சரிக்கை. மலிவான வாக்கி டாக்கிகள் இணையத்தில் கிடைக்கின்றன என்பதால் வாங்கிப் பேசத் தொடங்கிவிடாதீர்கள். உரிமம் தேவைப்படும் கருவியை உரிமம் இல்லாமல் இயக்குவது சட்டமீறல். இப்படிப்பட்ட கருவிகள் இணையதளங்களில் கண்டபடி விற்கப்படுவதைத் தடுக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025-இல் தனி வழிகாட்டுதலே கொண்டுவந்தது. முதலில் தேர்வு, பிறகு உரிமம், கடைசியில் கருவி. இந்த வரிசை மாறக் கூடாது.

மோர்ஸ்: கண்ணால் படிக்காதீர்கள்

பல நாடுகள் மோர்ஸைக் கைவிட்டுவிட்டன. 2003-இல் நடந்த உலக வானொலி மாநாடு அதைக் கட்டாயமாக்கும் நிபந்தனையை நீக்கியது. இந்தியா ஜெனரல் தரத்துக்கு மட்டும் வைத்திருக்கிறது. நிமிடத்துக்கு எட்டு சொல் வேகம். சொல்லுக்கு ஐந்து எழுத்து என்று கொண்டால் நிமிடத்துக்கு நாற்பது எழுத்து. ஒன்றரை நொடிக்கு ஓர் எழுத்து. கேட்கவும் தெரிய வேண்டும், அனுப்பவும் தெரிய வேண்டும்.

புள்ளி, கோடு அட்டவணையைச் சுவரில் ஒட்டி மனப்பாடம் செய்வதுதான் பலரும் செய்யும் பிழை. அப்படிப் படித்தவர் ஒலியைக் கேட்டு, புள்ளி கோடாக மாற்றி, அட்டவணையில் தேடி, எழுத்தை எழுதுவதற்குள் அடுத்த இரண்டு எழுத்து போயிருக்கும். 1930-களில் ஜெர்மன் உளவியலாளர் லுட்விக் கோக் காட்டிய வழி வேறு. முதல் நாளிலிருந்தே எழுத்தை முழு வேகத்தில் கேட்க வேண்டும். இரண்டே எழுத்தில் தொடங்கி, அவை பிடிபட்ட பிறகு மூன்றாவதைச் சேர்க்க வேண்டும். ‘டா டி டா டிட், டா டா டி டா’ என்று கேட்டதும், யாரையாவது கூப்பிடுகிறார்கள் என்று காது சொல்ல வேண்டும். அதுதான் சி.கியூ. மிருதங்கச் சொல்கட்டையும் பறையடியையும் காதால் பழகிய பிள்ளைகள் நம் ஊரில் ஏராளம். அவர்களுக்கு இது சீக்கிரம் வசப்படும். தினம் பதினைந்து நிமிடம் போதும், ஒரு நாளும் விடக் கூடாது.

எட்டு வாரத் திட்டம்

வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்களுக்கு இரண்டு மாதம் நியாயமான கால அளவு.

முதல் இரண்டு வாரம்: ஓம் விதி, திறன், மாறுமின்னோட்டம், காயில், கண்டென்சர், ஒத்ததிர்வு. தினம் ஒரு கணக்கு.

மூன்றாம், நான்காம் வாரம்: டயோடு, டிரான்சிஸ்டர், ரிசீவர், டிரான்ஸ்மிட்டர் கட்டப்படங்கள். பார்க்காமல் வரையும்வரை விடாதீர்கள்.

ஐந்தாம் வாரம்: ஆன்டெனா, அலை பரவல். நெதர்லாந்தின் ட்வென்ட்டே பல்கலைக்கழகம் இணையத்தில் திறந்துவைத்திருக்கும் ரிசீவர் போன்றவற்றில் ஹாம்கள் பேசுவதைக் கேளுங்கள். பகலில் எந்த அலைவரிசை கலகலப்பாக இருக்கிறது, இரவில் எது என்று நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆறாம், ஏழாம் வாரம்: விதிமுறைகள் மட்டும். 1978 விதிகளின் மூலப் பிரதியையே வாசியுங்கள். கியூ குறியீடுகளை வீட்டில் ஒருவரிடம் கொடுத்துக் கேட்கச் சொல்லுங்கள்.

எட்டாம் வாரம்: நேரம் வைத்து மாதிரித் தேர்வுகள். தமிழ்வழியில் படித்தவர்கள் ஒவ்வொரு பாடத்துக்கும் ஆங்கிலக் கலைச்சொல்லைப் பக்கத்திலேயே எழுதிப் பழகினால் தேர்வறையில் தடுமாற மாட்டார்கள்.

படிப்புக் கூட்டாளி கிடைத்தால் பாதிச் சுமை குறையும். கல்லூரி மின்னணுவியல் துறையில் ஒருவர், பட்டறையில் ஒருவர் என்று சேர்ந்தால் இன்னும் நல்லது. ஒருவருக்குச் சூத்திரம் தெரியும், மற்றவருக்குச் சால்டரிங் தெரியும்.

தேர்வு, உரிமம் இரண்டுக்குமான நடைமுறைகளை விண்ணப்பிக்கும் சமயத்தில் தொலைத்தொடர்புத் துறையின் அறிவிப்பைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். உரிம விண்ணப்பங்கள் சரல் சஞ்சார் இணையதளம் வழியாகப் போகின்றன. தேர்ச்சி பெற்ற மறுநாளே பேசிவிட முடியாது. பின்புலச் சரிபார்ப்பு நடக்கும், காத்திருக்க வேண்டும். அந்த நாட்களில் ரெஸ்ட்ரிக்டட் தேறியவர்கள் மோர்ஸைத் தொடங்கலாம். ஜெனரல் தரத்துக்கு அது முதல் படி.

ஊருக்கு ஓர் அழைப்புக்குறி

உரிமம் கையில் வந்த பிறகு திறக்கும் உலகம் பெரியது. 2005 மே 5 அன்று இஸ்ரோ ஹாம்களுக்கென்றே ஹாம்சாட் என்ற 42.5 கிலோ செயற்கைக்கோளை அனுப்பியது. அது 2014 வரை உழைத்தது. 2025 ஜூலையில் சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து சுபான்ஷு சுக்லா பெங்களூருவில் கூடியிருந்த மாணவர்களோடு ஹாம் ரேடியோ வழியாகப் பேசினார். அந்த நிலையத்திலிருந்து வரும் 145.8 மெகாஹெர்ட்ஸ் ஒலி நம் தலைக்கு மேலேயும்தான் கடந்து போகிறது.

விண்வெளியோடு பேசுவது பெருமை. ஆனால் கோவை, நீலகிரி, ஈரோடு, திருப்பூர், கரூர், நாமக்கல், சேலம் மாவட்டங்களில் இருப்பவர்கள் யோசிக்க வேண்டிய கணக்கு தரையில் இருக்கிறது. நம் மலை வட்டங்கள் ஒவ்வொன்றிலும் தேர்வு எழுதித் தேறிய இருவராவது இருக்க வேண்டும். தேயிலைத் தோட்ட அலுவலகத்தில் ஒருவர், அரசுப் பள்ளி இயற்பியல் ஆசிரியர் ஒருவர் என்றால்கூடப் போதும். சமவெளியில் ஒவ்வொரு பொறியியல் கல்லூரிக்கும் பாலிடெக்னிக்கும் ஐ.டி.ஐ.க்கும் ஒரு நிலையம் வேண்டும். இதற்குக் கோடிகள் தேவையில்லை. ஓர் அறை, ஒரு மாடி, கம்பி, பேட்டரி, வாரம் ஒரு மாலை ஒதுக்கும் ஆசிரியர், இவ்வளவுதான்.

பம்ப்செட்டையும் வெட் கிரைண்டரையும் நாட்டுக்குக் கொடுத்த பூமி இது. அந்தக் கைகளுக்கு வானலையின் ஒழுங்கையும் கற்றுக் கொடுத்தால், அடுத்த பெருமழையில் பாதை துண்டிக்கப்படும் மலையூருக்கு வெளியூர் உதவி வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அந்த ஊரே பேசும். 12 வயதுப் பிள்ளை முதல் ஓய்வு பெற்ற மின்வாரிய ஊழியர் வரை யார் வேண்டுமானாலும் எழுதலாம். வீட்டில் கிடக்கும் பழைய ரேடியோவையும் பிளஸ் டூ புத்தகத்தையும் இந்த ஞாயிற்றுக்கிழமையே எடுத்து வையுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.